தண்ணித்தொட்டி

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை. அதோடு காய்ந்த இரும்பின் வாசனையும் சேர்ந்துவிட்டால் போதும், நான் எங்கே படுத்திருந்தாலும் என் கால் பிரேக்கைத் தேடும். இன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில், பக்கத்து வீட்டில் யாரோ உலையை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பாதையோரம் எங்கே நிழல் இருக்கிறது, எந்த மரத்தடியில் வண்டியை ஒதுக்கலாம் என்று கண் தானாகத் தேடியது. சுவர்தான் இருந்தது.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களிடம் ஒரு லோரி இருந்தது. எங்களிடம் என்றால் எனக்கும் என் பங்காளிக்கும். பங்காளி என்பது ரத்தத்தால் வந்த உறவு இல்லை. லோரியில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது, அதனால் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டோம். நான் ஓட்டுவேன். மற்றதெல்லாம் அவன். கழுவுவது, எண்ணெய் விடுவது, தண்ணீர் ஊற்றுவது, காலையில் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்புவது. அதற்கு முன்னால் அவன் மாட்டுவண்டிக்காரன். இரண்டு மாட்டையும் வண்டியையும் கொடுத்துவிட்டுத்தான் லோரியில் பங்கு எடுத்தான். மாடு போன அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் லோரியின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். லோரிக்கு நெற்றி இருப்பதே அவன் பூசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்களிடம் வரும்போதே அது கிழடு. ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் முனகும். முன்னால் பித்தளையில் ரேடியேட்டர். அந்த வார்த்தை எங்கள் வாயில் நிற்கவில்லை, தண்ணித்தொட்டி என்றோம். எஞ்சினைச் சுற்றிச் சூடேறி வரும் தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் இருக்கிற மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்குள் போக வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் தொட்டி என்று சொன்னால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தொட்டி என்றால் தொட்டி.

ஒரு நாள் அந்த லோரியில் என் அக்காவை டெங்கிலிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோனோம்.

அக்காவும் மாமாவும் டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். தோட்டம் பாதிப்பேரைக் கழித்தபோது அவர்களையும் கழித்தது. ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல் என்றார்கள். போகிறவர்களை எல்லாம் துறைமுகத்து முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று அக்கா காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடந்தாள். மாமா மட்டும் போனார். போனவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "அவ வரலன்னா நான் ஏற மாட்டேன்." மாமா சொன்னால் சொன்னதுதான். அந்தக் கப்பலை விட்டால் வேறு கப்பலில் இடம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில் அவர்கள் இருந்த வீட்டைப் பூட்டியாகிவிட்டது. வேலை எந்தத் தோட்டத்திலும் இல்லை. கப்பல் அன்று சாயங்காலம்.

"என்கூட வந்து இருங்க, ரெண்டு பேரும்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"உன் வீட்டுல நீ காலை நீட்டவே இடம் இல்ல," என்றாள் அக்கா. அது உண்மைதான்.

முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே அவள் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை. காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் அவள் தோள் என் மேல் படும்போதெல்லாம் எலும்புதான் பட்டது. இரண்டு பக்கமும் பால்மரம், பால்மரம், பால்மரம். வெட்ட ஆளில்லாத மரங்கள். வெட்டுக்கோடு காய்ந்த பட்டைகள். பால் பிடிக்கிற கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன. செம்மண் தூசி எங்களுக்கு முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று தெரியவில்லை.

பந்திங் வருவதற்கு முன்பே தண்ணித்தொட்டியின் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது.

நிறுத்தினோம். பங்காளி சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திருகினான். சீறி அடங்கியது. ஓடையில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினான். "தாகம்," என்றான். "வெயிலு அப்படி. குடிச்சிட்டா போயிடும்."

போனது. பந்திங் பாசார்க் கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் மறுபடியும் ஆவி. இந்தத் தடவை எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ சுத்தியால் தட்டுவது போல ஒரு சத்தமும் வந்தது. அந்தத் தட்டலோடு ஓட்டினால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பழைய இரும்பாக எடைக்குத்தான் ஆகும். மறுபடி நிறுத்தினேன்.

"இதுக்கு உங்க மாடுங்களே போய்ச் சேந்திருக்கும்," என்றாள் அக்கா பங்காளியிடம்.

"சேந்திருக்கும்க்கா. அதுங்க சொன்ன பேச்சைக் கேக்கும்."

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அலுப்பாக இருந்தது. கிழட்டு எஞ்சினில் எதுவும் தவறாக இருக்கலாம், எல்லாமே தவறாகவும் இருக்கலாம். முதலில் விசிறியைச் சுற்றும் தோல்வார். தொய்ந்திருந்தால் விசிறி சோம்பும், காற்று வராது. இழுத்துப் பார்த்தேன், விறைப்பாகவே இருந்தது. அடுத்தது ரப்பர் குழாய்கள். ஒழுகவில்லை, நசுங்கவும் இல்லை. எண்ணெய் இருந்தது. ஸ்டீரிங்கில், தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுகிற சின்னப் பிடி ஒன்று உண்டு. பொறி பிந்தி விழுந்தால் எஞ்சின் வீணாகச் சூடேறும். அதைச் சரிபார்த்து, கைப்பிடி சுழற்றி ஓடவிட்டுப் பார்த்தோம். அப்படியும் கொதித்தது.

நிழல் எங்கள் கண்ணெதிரில் நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா அப்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டியின் மேல் கையை வைத்தேன். சுட்டது. கையை உதறினேன். உதறிய கை தற்செயலாகத் தொட்டியின் கீழ்ப்பக்கம் பட்டது. அங்கே சுடவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தேன். மேலே உலைமூடி. கீழே ஆற்றங்கரைக் கல், அவ்வளவு குளிர்ச்சி. அதே தொட்டி, அதே தண்ணீர். மேலே இருக்கிற சுடுதண்ணீர் கீழே இறங்கவே இல்லை. இறங்க வழி இல்லை.

கீழே இருந்த திருகைத் திறந்தேன். கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டியது. கம்பியை விட்டுக் குத்தினேன். கம்பியின் நுனியில் சாம்பல் நிறத்தில், பசை போல, கொழகொழவென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன். கருகிய கஞ்சி. அடியில் ஒரு புளிப்பு.

"பங்காளி. இதுல என்ன ஊத்துற?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

அவன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். "கழனித்தண்ணி," என்றான்.

அரிசி களைந்த தண்ணீர். வீட்டுக்கு வீடு எடுத்துவைத்து மாட்டுக்கு ஊற்றுவார்களே, அது.

"மாட்டுக்கு வைக்கிறதுதான? வெறுந்தண்ணியக் குடிச்சிட்டு இம்மாம் பாரம் இழுக்குமா அது?"

"இது மாடாடா?"

"நீதான தொட்டி தொட்டின்ன. தொட்டியில வேற என்னத்த ஊத்துவாங்க?"

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"வாங்குனதுலேர்ந்து. தெனம் இல்ல பங்காளி. வீட்டுல சோறாக்குற அன்னிக்கு மட்டுந்தான்."

அவன் வீட்டில் அந்த வருஷம் மரவள்ளிதான் பாதி நாள். தினமும் சோறு ஆகியிருந்தால் லோரி எப்போதோ நின்றுபோயிருக்கும். பஞ்சம்தான் இதுவரை அதை ஓட்டியிருக்கிறது.

"புண்ணாக்கு போடலியே?" என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

அவன் தென்னை மரங்களைப் பார்த்தான். "மாட்டுப்பொங்கலுக்கு," என்றான். "ஒரே ஒரு புடி."

அக்கா சிரித்துவிட்டாள். வண்டிக்குள் உட்கார்ந்தபடி, மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், அவளை இறக்கி நிழலில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, அது எங்கே போய் விழுவதென்று தெரியாமல் சுற்றியது. கெடுக்க நினைத்து ஊற்றியிருந்தால் அடித்திருக்கலாம். இவன் தன் சோற்றுப்பானையில் பங்கு கொடுத்திருக்கிறான்.

பாதை வளைவில் ஒரு சீனர் கடை இருந்தது. பங்காளியும் நானும் போனோம். "தவுக்கே, சோடா அடா? சுச்சி பாஜு?" என்று துணி தோய்க்கிற அபிநயத்தோடு கேட்டேன். துணி வெளுக்கும் வெள்ளைச் சோடா இருந்தது. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். நான் சொல்வதற்குள் பங்காளி முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில், "லோரி மாக்கான் நாசி, தவுக்கே," என்றான். லோரி சோறு தின்றுவிட்டதாம். கடைக்காரர் அவனையும் லோரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சீனத்தில் ஏதோ சொல்ல, உள்ளேயிருந்து பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. அந்தச் சிரிப்போடு ஒரு பெரிய கேத்தல் சுடுதண்ணீரும் வந்தது.

கீழ்க்குழாயைக் கழற்றி, தொட்டியில் இருந்ததை வடித்து, அடைப்பைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்கா மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சுரண்டாத. அடிப்புடிச்ச சட்டியச் சுரண்டுனா ஓட்டதான் விழும். ஊறவை."

குழாயின் வாயைத் துணியால் அடைத்து, சோடா கரைத்த சுடுதண்ணீரை மேலே ஊற்றினோம். ஊறட்டும் என்று விட்டோம். கிள்ளான் பக்கமாகப் போகிற வண்டி ஏதாவது வருமா என்று பார்த்தேன். ஒரு பஸ் வந்தது, எதிர்த்திசையில், பந்திங் பக்கமாக. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காத்திருப்பதில் உள்ள களைப்பு பாரம் தூக்குவதில் இல்லை. கை சும்மா இருக்கும்போதுதான் முதுகு வலிக்கிறது.

திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் அக்கா இல்லை.

பாதையில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். தலையில் மூட்டை. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"எங்க போற?"

"கிள்ளானுக்கு."

"நடந்தா? உனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னிக்குத்தான் வந்திருக்க."

"நீ வண்டியப் பாரு. சரியானா வழியில ஏத்திக்க. ஆகலன்னா நான் பாதி தூரமாச்சும் போயிருப்பேன்ல?" நிற்காமலே சொன்னாள். "அங்க அவரு கப்பலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியும்."

கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். திரும்பி ஓடினேன்.

துணியை எடுத்தோம். முதலில் சொட்டு, பிறகு ஒரு கட்டி, பிறகு இன்னொரு கட்டி. சாம்பல் கஞ்சி பாதையோரக் கால்வாய்க்குள் வழிந்தது. பங்காளி கீழ்க்குழாயின் வாயில் தன் வாயை வைத்துக் கன்னம் புடைக்க ஊதினான். மேலே மூடிவழியாகப் பொளக்கென்று ஒரு கவளம் துள்ளி அவன் தலையிலேயே விழுந்தது. மறுபடி சோடா, மறுபடி சுடுதண்ணீர், மறுபடி ஊதல். கால்வாயில் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன.

"பாரு, மீனு திங்குது," என்றான் பங்காளி. "கெட்டுப்போகல."

"வாய மூடு பங்காளி."

"ஊதணுமா, மூடணுமா?"

கடைசியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றோம். குழாயை மாட்டிக் கம்பியால் இறுக்கினேன். நிரப்புவதற்குக் கால்வாய்த் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பக்கத்து மண்ணில் ஊறி, தேயிலைச் சாயம் போல் சிவந்த தண்ணீர். பங்காளி தலைத்துண்டை மடித்து வடிகட்டி ஊற்றினான். ஊற்றிக்கொண்டே, "இது மட்டும் வெறுந்தண்ணியா?" என்று முணுமுணுத்தான்.

எஞ்சின் ஓடியது. தொட்டியின் அடியில் கை வைத்தேன். சுட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் கையைச் சுட்டுக்கொண்டதே இல்லை.

அக்கா நான் நினைத்ததைவிட ரொம்ப தூரம் போயிருந்தாள். ஒரு மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கல் இருக்கிறது, உட்காரவில்லை.

"உக்காந்திருக்கலாம்ல?"

"உக்காந்தா எந்திரிக்க முடியாது," என்றாள்.

கிள்ளான் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு போனோம். ஆவி வரவில்லை. தூசிதான் வந்தது, பிறகு ஊர் வந்தது, ஊரைத் தாண்டி உப்புக்காற்று வந்தது. லோரியின் ஆட்டத்தில் அக்கா என் தோளில் தூங்கிப்போனாள். நான் தோளை அசைக்காமல் ஒற்றைக் கையால் ஓட்டினேன். அப்படி ஓட்டுவது தப்பு, ஆனாலும் ஓட்டினேன்.

துறைமுகத்தில் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தகரப் பெட்டிகளும் மூட்டைகளும் பிள்ளைகளும். ஒரு தொங்கான் படகு, தள்ளி நின்ற கப்பலுக்கு ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதுதான் கடைசிப் படகு என்று காவலாளி கத்திக்கொண்டிருந்தான். வரிசை முடிகிற இடத்தில், வரிசையில் சேராமல், மாமா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னபடியே கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காவலாளி அக்காவை மட்டும் வேலிக்குள் விட்டான்.

அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். ஒரு கணம் அது தொங்கிப்போனது. பிறகுதான் சமாளித்துக்கொண்டார்.

"காச்ச விட்டுச்சா?"

"விட்டுச்சு. எந்திரிங்க."

"சாப்டியா?"

"படகு போவுது, எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது, மயங்கிக் கிடந்த என்னைத் தோளில் போட்டு இதே கரையில் இறக்கியவர் அவர். நான் அப்போது மீசை முளைக்காதவன். "இவன இங்க யாரு பாத்துக்குவா?" என்றார். எனக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"நான் பாத்துக்குவேன் மாமா," என்றேன்.

"நீ என்னத்தப் பாப்ப? அடுத்த கப்பல்ல போலாமே புள்ள," என்று அக்காவிடம் திரும்பினார். "உனக்கும் ஒடம்பு தேறட்டும். இவனும் ஒருத்தனா இருக்கான்…"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவ வரலன்னா ஏற மாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பியது அவளை வரச்சொல்லி அல்ல. அவள் வரமாட்டாள் என்று நம்பித்தான் அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் லோரி ஆவி விட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவர் மனசு கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதியாகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அது டெங்கிலிலேயே தெரிந்திருந்தது. பூட்டிய வீடும் இல்லாத வேலையும் அவருக்கு உறைக்காது, தனக்குத்தான் உறைக்கும் என்று தெரிந்துதான் அந்த வெயிலில் நடந்திருக்கிறாள்.

அக்கா குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துத் தூக்கினாள். மேலே உட்கார்ந்திருந்தவர் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. எழுந்தார். பெட்டியின் மறுபக்கத்தை அவர் பிடித்தார். பழக்கம். இருபக்கமும் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார்கள். மாமா நின்றார், திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி நாலு எட்டு. மறுபடி நின்றார். காவலாளி கத்தினான். பங்காளி எனக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினான்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்குத் திரும்பி வந்தாள். கம்பிக்குள் கை விட்டு என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ கெளம்பு," என்றாள். "நாங்க ஏறுறத நின்னு பாக்காத. நீ இங்க நின்னா இவரு ஏற மாட்டாரு."